அச்சத்தின் நான்கு வாயில்கள்

(நம் வட்டத்தின் திங்கட்கூட்டம் ஒன்றில் ‘பீட்சா’ திரைப்படம் குறித்து நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒரு தலைப்பில் நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். ஒரு பேய்ப்படத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது பொறுப்பாளர் சிறிது திகைத்தார். “அம்மா, நம் மேடைக்கு அது பொருந்துமா?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமே. இலக்கிய மேடையில் திரைப்படத்தைப் பேசுவதற்கு ஒரு காரணம் வேண்டும். என் காரணம் தொல்காப்பியத்தில் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் படத்திற்கு வருகிறேன்.

பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளையும் கூறும் தொல்காப்பியர், ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களை நந்நான்காக வகுத்துரைக்கிறார். அச்சத்திற்கு அவர் காட்டும் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. அணங்கு என்பதில் பேய், பூதம் போன்றவற்றை உரையாசிரியர்கள் அடக்குவர். விலங்கு வெளிப்படை. கள்வர் நம் பொருளைக் கொள்ள வருவோர். தம் இறை என்பது நம்மை ஆளும் தலைவர். அரசனிடமும் மேலோரிடமும் நாம் கொள்ளும் அச்சம் அது. வகுப்பறையில் ஆண்டுதோறும் இதனை நடத்துகிறேன். முதல் மூன்றையும் மாணவர்கள் உடனே ஏற்றுக்கொள்வார்கள். நான்காவது வந்ததும் ஒருவராவது எழுந்து, “பேயையும் புலியையும் திருடனையும் சொன்ன வரிசையில் தலைவனை ஏன் அம்மா வைத்தார்?” என்று கேட்பார். இந்தக் கேள்விக்கு நான் பல ஆண்டுகள் ஏட்டு விடையே சொல்லிவந்தேன். மனம் நிறைந்த விடை ஒன்றை ‘பீட்சா’ என்னும் படம் எனக்குத் தந்தது. அதனாலேயே இன்று அதைப் பேசத் துணிந்தேன்.

தலைப்பு தமிழாக இல்லையே என்ற குறை உங்களைப்போல் எனக்கும் உண்டு. அதை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேளுங்கள். இப்படம் 2012 அக்டோபர் 19 அன்று வெளிவந்தது. இயக்கியவர் கார்த்திக் சுப்பராஜ். மதுரைக்காரர், மென்பொருள் துறைப் பணியிலிருந்து வந்தவர், கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படங்கள் எடுத்துப் பழகியவர். தயாரித்தவர் சி. வி. குமார். அதே ஆண்டில் பா. இரஞ்சித்தின் ‘அட்டகத்தி’யையும் தயாரித்தவர் இவரே. ஒளிப்பதிவு கோபி அமர்நாத், இசை சந்தோஷ் நாராயணன், படத்தொகுப்பு லியோ ஜான் பால். நடித்தவர்கள் விஜய் சேதுபதி, ரம்யா நம்பீசன், ஆடுகளம் நரேன் முதலியோர். அன்றைக்கு இவர்களில் எவரும் பெருவிலைக்குரிய பெயர்கள் அல்லர்.

இப்படம் பிறந்த வரலாறும் கேட்கத்தக்கது. கார்த்திக் சுப்பராஜ் முதலில் எடுக்க விரும்பியது ‘ஜிகர்தண்டா’. அதற்குப் பெரும்பொருள் வேண்டும். புதியவரை நம்பி அவ்வளவு முதலிட ஆள் கிடைக்கவில்லை. ஆகவே, கையில் கிடைக்கக்கூடிய சிறுதொகைக்குள் அடங்கும் ஒரு கதையை எழுதினார். ‘ஜிகர்தண்டா’ 2014இல்தான் வந்தது. ஆக, ‘பீட்சா’ பொருளின்மையை முன்வைத்தே எழுதப்பட்ட கதை. எழுதி முடித்தபின் பணம் போதாமல் சுருக்கிய படைப்பு ஒன்று. இவ்வளவுதான் உண்டு என்று அறிந்தே எழுதிய படைப்பு மற்றொன்று. நம் கவிஞர்களுக்கு இவ்வேறுபாடு நன்கு தெரியும். வெண்பா எழுதுகிறவர் நாலடி போதவில்லை என்று அழுவதில்லை.

இனிக் கதைக்கு வருகிறேன். முடிவையும் சேர்த்தே சொல்லப் போகிறேன். படம் பார்க்காதவர்கள் பொறுத்தருள வேண்டும். முடிவைச் சொல்லாமல் இப்படத்தைப் பற்றி உண்மையாக எதையும் பேச இயலாது.

மைக்கேல் என்னும் இளைஞன் நகரத்தில் ஓர் உணவகத்தில் வேலை செய்கிறான். பீட்சாவை வீடுவீடாகக் கொண்டு சேர்ப்பது அவன் தொழில். அவனோடு வாழும் அனு, பேய்க்கதை எழுதும் பெண். மைக்கேலுக்குப் பேயென்றால் நடுக்கம். அனுவுக்கோ அதில்தான் ஆராய்ச்சி. உணவக முதலாளி சண்முகத்தின் மகளை ஓர் ஆவி பிடித்திருப்பதாக அவ்வீட்டில் நம்புகிறார்கள். ஒருநாள் மைக்கேல் ஒரு பெரிய வீட்டிற்குப் பீட்சா கொண்டு செல்கிறான். குருதி தோய்ந்து, சிந்தை கலங்கித் திரும்புகிறான். அவ்வீட்டில் தனக்கு நேர்ந்ததை முதலாளியிடமும் உடன் வேலை செய்வோரிடமும் சொல்கிறான். விளக்கு அணைந்தது, கதவு மூடிக்கொண்டது, இறந்தவர்கள் நடமாடினார்கள் என்று அவன் சொல்லச் சொல்ல, நாமும் கைவிளக்கு ஒன்றின் ஒளியில் அவ்வீட்டிற்குள் திரிகிறோம். பிறகு உண்மை வெளிப்படுகிறது. கணக்கில் காட்டாத செல்வத்தை வைரமாக்கி, ஒரு பொட்டலத்தில் மறைத்து, தன் வீட்டில் சேர்க்கும்படி முதலாளி அவனிடம் கொடுத்திருந்தார். வழியில் நேர்ந்த விபத்தில் உள்ளே இருந்தது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதைக் கைக்கொள்ள அவனும் அனுவும் சேர்ந்து புனைந்ததே அந்தப் பேய்வீடு. அந்த இரவில் அங்கே பேயும் இல்லை, பிணமும் இல்லை. நம்மை ஒரு மணி நேரம் நடுங்கவைத்தது முழுவதும் ஒருவன் சொன்ன சொல்.

அவையோரே, இப்போது தொல்காப்பியரின் நான்கையும் எடுத்து இப்படத்தின்மேல் வையுங்கள். முதலில் தெரிவது அணங்கு. திரை முழுவதும் அணங்கச்சமே நிறைந்திருக்கிறது. அதை நீக்கினால் உள்ளே கள்வர். அக்கள்வரும் நாம் இரங்கி நேசித்த அதே இளைஞனும் அவன் துணைவியும். கள்வரையும் நீக்கினால் உள்ளே தம் இறை. மைக்கேல் அஞ்சுவதற்கு உண்மையான காரணம் உள்ளவர் ஒருவரே; அவர் அவனுக்கு ஊதியம் கொடுப்பவர். பொட்டலம் காணாமற்போனது அவருக்குத் தெரிந்தால் அவன் என்ன ஆவான்? பேய்க்கு அஞ்சுவதாக நடிக்கும் ஒருவன், அந்த நடிப்புக்குள்ளே முதலாளிக்கு அஞ்சி நடுங்கிக்கொண்டிருக்கிறான். முகத்தில் காண்பது ஒன்றே, நிலைக்களன் வேறு. விஜய் சேதுபதியின் நடிப்பை இரண்டாம் முறை பார்க்கும்போது இது விளங்கும். முதன்முறை பேய்க்கு அஞ்சியதாகத் தோன்றிய அதே விழிகள், இரண்டாம் முறை முதலாளி நம்பிவிட்டாரா என்று தேடுவதைக் காணலாம். தலைவனை ஏன் பேயோடு ஒரே வரிசையில் வைத்தார் என்று கேட்ட என் மாணவர்க்கு இதுவே விடை. அணங்கின் பெயரைச் சொல்லி அஞ்சுகிறோம். உள்ளே அஞ்சுவது பல நேரங்களில் இறைக்கு.

இங்கே பேராசிரியர் உரையில் வரும் ஒரு நுட்பத்தையும் நினைவூட்ட விரும்புகிறேன். புலியைக் கண்டு ஒருவன் அஞ்சுகிறான். அஞ்சுகின்ற அவனை மற்றொருவன் காண்கிறான். காண்பவனுக்கும் அச்சம் பிறக்குமா? பிறவாது, நகைப்போ இரக்கமோதான் பிறக்கும் என்பது அவ்வுரையில் எழும் வாதம். கூத்தரங்கின் முன் அமர்ந்து பார்த்தவர்கள் எழுப்பக்கூடிய கேள்வி இது. மலிவான பேய்ப்படங்கள் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் தோற்கின்றன. திரையில் ஒருவர் அலறுகிறார், நாம் சிரிக்கிறோம். ‘பீட்சா’ இதை எப்படிக் கடந்தது? அஞ்சுகிறவனை வெளியிலிருந்து காட்டாமல், அவன் கையிலுள்ள விளக்கை நம் கையில் கொடுத்துவிட்டது. ஒளி விழும் சிறு வட்டத்திற்குள் ஒரு படிக்கட்டு, ஒரு கதவு, ஒரு சுவர் மட்டுமே தெரிகின்றன. எஞ்சிய இருளை நாமே நிரப்புகிறோம். நிரப்பும் பொருள் நம்முடையதாகையால் அச்சமும் நம்முடையதாகிறது.

இதற்குச் செலவு குறைவு என்பதையும் கவனியுங்கள். 2005இல் வந்த ‘சந்திரமுகி’யின் மாளிகையை நினைத்துப் பாருங்கள், அதன் தூண்களும் விதானங்களும் ஓவியங்களும் நம் கண்ணை நிறைத்தன. நிறைந்த கண்ணுக்கு அஞ்ச இடமில்லை, வியக்கவே இடமுண்டு. அது மருட்கைக்குரிய மாளிகை. இங்கே ஒரு வீடு, சில நடிகர், ஒரு கைவிளக்கு. மேனாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. ஓரன் பெலி என்பவர் அமெரிக்காவின் சான் டியேகோவில் தாம் குடியிருந்த வீட்டிலேயே ஏறத்தாழ 15,000 டாலர் செலவில் எடுத்த ‘பாராநார்மல் ஆக்டிவிடி’ என்ற படம் 2007இல் முதன்முதலாகத் திரையிடப்பட்டு, பின்னர் உலகெங்கும் ஓடியது. காட்டாமல் விடுவதன் ஆற்றலை வறுமை கற்றுக்கொடுக்கிறது.

நம் மாவட்டத்தார்க்கு இப்படத்தின் இருளோடு தனி உறவு ஒன்றும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்க் கரையைத் தாக்கியது. மின்கம்பங்கள் சாய்ந்து, கடலோர ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தன. அடுத்த ஆண்டு, இப்படம் வந்த அதே பருவத்தில், தமிழ்நாட்டின் மாவட்டங்கள் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டில் தவித்தன. நெய்வேலியை மடியில் வைத்திருக்கும் மாவட்டத்தில் நாம் கைவிளக்கோடு சமையலறைக்கும் கிணற்றடிக்கும் நடந்தோம். ஒளிவட்டத்திற்கு வெளியே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காலெடுத்து வைப்பது எப்படிப்பட்டது என்பதை அவ்வாண்டின் பார்வையாளர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. இயக்குநர் இதை எண்ணி எடுத்தார் என்று நான் கூறவில்லை. படைப்பு வந்து சேர்ந்த வேளை அப்படி அமைந்தது.

பேயை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் நம் மரபுக்குப் புதிதன்று. நம் பழைய இலக்கியத்தில் பேய் பெரும்பாலும் ஊர்ப்புறத்தே இருப்பது. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்தில் சுடுகாட்டுப் பேயைக் கண்டு அஞ்சிய சார்ங்கலன், ஓடிவந்து தாயிடம் சொல்லிவிட்டு உயிர்விடுகிறான். கலிங்கத்துப்பரணியின் பேய்கள் பாலைநிலத்துக் காளி கோயிலில் பசித்துக் கிடப்பன. ஆயினும் பழையனூர் நீலி கதையில் பேய் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. தன்னைத் தொடர்பவள் பேய் என்று வணிகன் அலறுகிறான். அவளோ குழந்தையோடு வந்த மனைவியாக ஊர்மன்றத்தில் நிற்கிறாள். ஊரார் அவள் சொல்லை நம்புகின்றனர். வணிகனுக்குத் தம் உயிரையே பிணையாக வைத்து, இருவரையும் ஒரு வீட்டில் தங்கவைக்கின்றனர். விடியலில் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். சொன்ன சொல்லுக்காக வேளாளர் எழுபதின்மர் தீப்புகுந்தனர் என்பது வழக்கு. ‘பீட்சா’வை இக்கதையோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். நீலி கதையில் உண்மை சொன்னவனை எவரும் நம்பவில்லை. இங்கே பொய் சொன்னவனை எல்லாரும் நம்புகிறார்கள். இரண்டிலும் வழக்கு ஒன்றே: யார் சொல் அவையேறும் என்பது.

இந்நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் புதுமைப்பித்தன் இவ்வழியைத் திறந்துவைத்தார். 1943இல் வெளிவந்த அவருடைய ‘காஞ்சனை’யில் கதைசொல்பவன் ஓர் எழுத்தாளன். வாசலுக்கு வந்த பிச்சைக்காரியை அவன் மனைவி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். வந்தவள் யார் என்பது கடைசிவரை தெளிவதில்லை. பேயையும் எழுதுகிறவனையும் ஒரே வீட்டில் குடிவைத்த கதை அது. ‘பீட்சா’வில் எழுதுகிறவள் பெண். இந்த இடத்தில்தான் எனக்கு இப்படத்தோடு ஒரு பிணக்கும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அனு பேய்க்கதை எழுதுகிறவள். முதலாளியை ஏமாற்றிய கதையின் பின்னே நிற்பது அவளுடைய கலையறிவு. ஆனால் அக்கதையை அவையில் சொல்லி, அழுது, நம்பவைப்பவன் மைக்கேல். படத்தின் பெரும்பகுதியில் அவள் காணாமற்போனவளாகவே இருக்கிறாள். எழுதியவள் மறைந்திருக்க, சொல்பவன் பெயர்பெறுவது திரையில் மட்டும் நடப்பதன்று. இதற்கு மேல் நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது பிணக்கு இதனினும் பெரிது. முதலாளி ஏன் அந்தப் பொய்யை நம்பினார்? தம் வீட்டில் ஒரு மகள் நோயுற்றுக் கிடக்கிறாள். அவளை ஆவி பிடித்ததாக அவர் அஞ்சிக்கொண்டிருக்கிறார். அந்தத் தந்தையின் புண்ணைத் தொட்டே இவர்கள் பொய்யைக் கட்டினார்கள். மகளைத் துன்புறுத்தும் ஆவிக்கு வழங்கிய நித்யா என்னும் பெயரையே தங்கள் கதையிலும் வைத்தார்கள். திரைக்கதையாக இது கூர்மையான உத்தி. ஆனால் அந்தப் பெண்ணுக்கு என்ன நோய், அவளுக்கு யார் மருந்து கொடுப்பார்கள் என்று படத்தில் ஒருவரும் கேட்பதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், ஒரு மனநலக் காப்பகத்தில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினர். பேய் என்றும் பிடி என்றும் சொல்லிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அத்தகைய காப்பகங்களில் எத்தனையோ பேர். மனநோயரைச் சங்கிலியிடுவதைத் தடைசெய்து 2017இல் மனநலச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வந்த பின்னும், மகளுக்கு வலிப்பு வந்தால் மருத்துவமனைக்கு முன்னே பூசாரியைத் தேடும் வீடுகளை நானும் நீங்களும் அறிவோம். மைக்கேலின் வீட்டுப் பேய் பொய் என்று துணிந்து காட்டிய படம், முதலாளி மகளின் பேயும் பொய்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேய்ப்படத்திற்குக் கடைசியில் ஒரு பேய் தேவைப்பட்டது.

அந்தக் கடைசிக் காட்சியைச் சொல்லி முடிக்கிறேன். எல்லாம் கைகூடிய பிறகு மைக்கேல் மற்றொரு வீட்டுக்குப் பீட்சா கொண்டு செல்கிறான். அங்கே நித்யா என்னும் பெயருடைய ஒரு சிறுமி. தான் புனைந்த வீட்டுக்குள் தானே அகப்பட்டுக்கொண்டானோ என்னும் ஐயத்தோடு படம் நிற்கிறது. திடுக்கிடச் செய்வதற்கு வைத்த காட்சி என்று பலர் கருதினர். எனக்கு அது புனைவோர்க்கு விடுத்த எச்சரிக்கையாகப் பட்டது. நோயுற்ற ஒரு பெண்ணின் பெயரை எடுத்துத் தன் தேவைக்குக் கதை கட்டியவன், அப்பெயரைத் தாங்கிய சிறுமியின் முன் போய் நிற்கிறான். சொல்லைக் கடன் வாங்கியவனிடம் சொல் திரும்பக் கேட்க வருகிறது.

கவிஞர் பெருமக்களே, நம் வட்டத்திற்குப் பத்தாண்டு நிறைவுறும் வேளையில் இவ்வுரை அச்சேறுகிறது. நம் தொகுப்புகளில் அச்சத்தைப் பாடிய கவிதைகள் குறைவல்ல. இருளைப் பாடியிருக்கிறோம்; சுடுகாட்டைப் பாடியிருக்கிறோம்; நிழலையும் ஆந்தையையும் பாடியிருக்கிறோம். அவற்றை மீண்டும் எடுத்துப் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. அணங்கச்சம் இத்தனை இருக்க, தம்மிறை அச்சம் எங்கே? நம்மை நடுங்கவைக்கும் மேலதிகாரியை, கடன் கொடுத்தவரை, சாதித் தலைவரை, வீட்டுப் பெரியவரை நாம் எத்தனை கவிதையில் பெயர் சுட்டாமலேனும் தொட்டிருக்கிறோம்? பிறரைக் கேட்கு முன் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த மேடையில் படிக்கவென்று எழுதி, பேருந்தில் வரும்போது மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்ட கவிதைகள் என்னிடம் மூன்று உண்டு. அம்மூன்றிலும் பேய் இல்லை. எனக்கு மேலிருந்த ஒருவர் இருந்தார். அவற்றிற்குப் பதிலாக நான் அன்று படித்தவை நிலவையும் மழையையும் பற்றியவை. நீங்கள் கைதட்டினீர்கள்.

சிறுதொகையில் எடுத்த ஒரு படம், ஒரு கைவிளக்கைக் கொண்டு, அணங்குக்குப் பின்னே நிற்பவர் யார் என்று காட்டியது. நம் கையிலும் செலவில்லாத ஒரு விளக்கு இருக்கிறது. அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதே நம்முன் உள்ள கேள்வி. அடுத்த கூட்டத்தில் அம்மூன்றில் ஒன்றையேனும் படிக்க எனக்குத் துணிவு பிறக்க வேண்டும். உங்கள் பைகளிலும் அப்படி மடித்துவைத்தவை இருக்குமானால் எடுத்து வாருங்கள்.